பூஞ்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: வித்துக்கூடத்து வாசலில் சேர்த்தவை

பட்டுக்கோட்டைப் பக்கம் சிறிய காளான் வித்துக்கூடம் ஒன்று நடத்துகிறேன். படித்தது தாவர நோயியல். வித்துப் பை வாங்க வருகிறவர்கள் வித்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுப் போவதில்லை. தென்னை, கடலை, தொடையிடுக்கில் படர்தாமரை, கொரோனா காலத்துக் கருப்புப் பூஞ்சை என்று பேச்சு எங்கெங்கோ போகும். ஒரே கேள்விக்கு ஒரே வாரத்தில் நான்காவது முறையாகப் பதில் சொன்ன ஒரு நாளில், எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. பூஞ்சை, பூசணம், காளான், ஈஸ்ட் என்று நாலு பெயர் சொல்கிறீர்களே, எல்லாம் ஒன்றுதானா?

நான்கும் ஒரே குலம். பூஞ்சை என்பது பொதுப்பெயர். ஊறுகாய் மேல் படரும் பஞ்சு போன்றதைப் பூசணம் என்கிறோம். ஈஸ்ட் ஒற்றைச் செல்லாகவே வாழ்கிற பூஞ்சை. காளான் என்பது சில பூஞ்சைகள் மண்ணுக்கு வெளியே நீட்டுகிற இனப்பெருக்க உறுப்பு மட்டும்தான். மாமரத்துக்கு மாம்பழம் எப்படியோ அப்படி. மரம் எங்கே என்று கேட்டால், மண்ணுக்குள்ளும் மரக்கட்டைக்குள்ளும் நூலைவிட மெல்லிய இழைகளாகப் பரவிக் கிடக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் காடு ஒன்றில் ஆர்மில்லாரியா என்ற ஒரே பூஞ்சை ஏறத்தாழ 965 ஹெக்டேருக்கு மண்ணடியில் விரிந்திருக்கிறது. மேலே நடப்பவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மழைக்காலத்தில் எட்டிப்பார்க்கும் சில குடைகள்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பூஞ்சை தானாகப் பரவ உதிர்க்கும் தூசு போன்ற துகள் ஸ்போர். நான் பையில் போட்டு விற்கும் ‘காளான் வித்து’ அதுவன்று. வேகவைத்த சோளத்தின் மேல் பூஞ்சை இழையை வளர்த்து எடுத்ததுதான் அது.

2. அப்படியானால் அது செடி வகைதானே? சைவம்தானே?

செடி வகை இல்லை. பச்சையம் கிடையாது, வெயிலிலிருந்து உணவு சமைக்கத் தெரியாது. நொதிகளை வெளியே கக்கி, சுற்றியுள்ளதைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். அதன் செல்சுவரில் இருப்பது கைட்டின், அதாவது இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள். மரபணுக்களை வைத்துப் பார்த்தால் பூஞ்சைக்கு நெருங்கிய பங்காளி விலங்குகள்தாம். செடிகள் தூரத்து உறவு. 1969இல் விட்டேக்கர் என்ற உயிரியலாளர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோது பூஞ்சைக்குத் தனி உலகமே கொடுத்துவிட்டார்.

சைவமா என்பதற்கு அறிவியலில் பதில் இல்லை. என் அம்மா சாப்பிடுவார். என் அத்தை அந்தப் பாத்திரத்தைக்கூடத் தொட மாட்டார்.

3. இட்லி மாவு பொங்குவதும் ஈஸ்டால்தானே?

பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் பெரும்பங்கு பாக்டீரியாவுடையது. லூகோநாஸ்டாக் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உளுந்திலும் அரிசியிலும் முன்பே ஒட்டியிருக்கின்றன. அவை விடும் வாயுவை உளுந்தின் வழுவழுப்பு பிடித்து வைப்பதால் மாவு எழும்புகிறது. ஈஸ்டும் கொஞ்சம் இருக்கும், ஆனால் துணைப் பாத்திரம்தான். ஈஸ்ட் கதாநாயகனாக வருவது பேக்கரி ரொட்டியிலும், கள் ஊற்றி அரைத்த ஆப்ப மாவிலும். மாவின் மேல் இளஞ்சிவப்பாகவோ கருப்பாகவோ திட்டு தெரிந்தால் அது புளிப்பில் சேராது. கொட்டிவிடுங்கள்.

4. ரொட்டியில் ஓர் ஓரத்தில் மட்டும் பூசணம். கிள்ளி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாமா?

வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் பச்சை, ஸ்போர் விட ஆரம்பித்த பகுதி மட்டும். இழை அதற்கு முன்பே ரொட்டிக்குள் வெகுதூரம் போயிருக்கும். மிருதுவான, ஈரமான எந்தப் பண்டத்துக்கும் இதே கணக்குதான்.

ஊறுகாயின் மேல் ஏன் எப்போதும் ஒரு விரற்கடை எண்ணெய் நிற்க வேண்டும் என்று பாட்டிகள் வற்புறுத்தினார்கள் என்றால், பூசணத்துக்குக் காற்று வேண்டும். எண்ணெய் காற்றை மறிக்கிறது, உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஈரக் கரண்டி ஒன்று போதும், இரண்டையும் கெடுக்க.

5. கடலையில் விஷம் இருக்கிறது என்கிறார்கள். வறுத்தால் போய்விடாதா? செக்கு எண்ணெய் வாங்கலாமா?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் கவலையோடு எழுதும் பதில் இது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று தெரிந்தது. அதில் வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை சுரந்த நஞ்சுக்கு அதன் பெயரையே சுருக்கி அஃப்ளாடாக்சின் என்று வைத்தார்கள். நம் நாட்டிலும் 1974இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தார்கள். சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உள்ளே போனால் ஈரல் புற்றுநோயில் கொண்டுபோய் விடும்.

வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. சமையல் சூடு அதற்குப் போதாது. எண்ணெய் ஆட்டும்போது நஞ்சில் பெரும்பங்கு பிண்ணாக்கில் தங்கிவிடும், ஒரு பங்கு எண்ணெயில் வரும். சுத்திகரிப்பு ஆலையில் கார நீரால் கழுவும்போது அது பெரும்பாலும் போய்விடுகிறது. செக்கில் அந்தக் கட்டம் இல்லை. ஆகவே செக்கு எண்ணெயின் தரம் என்பது செக்குக்குள் போன கடலையின் தரம்தான். சொத்தை, சுருங்கியது, பச்சை படிந்தது எல்லாம் ‘ஆட்டுவதற்குத்தானே’ என்று உள்ளே போகுமானால் அந்த எண்ணெயை நான் வாங்க மாட்டேன். பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் இந்த நஞ்சின் மாற்று வடிவம் இறங்குகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விவசாயி செய்ய வேண்டியது ஒன்றுதான்: நன்றாக உலர்த்துவது. ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு இறங்கும் வரை காயவைக்க வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் பருப்பு ஓட்டுக்குள் கலகலவென்று ஒலிக்கும். அந்தச் சத்தம் வராத மூட்டையை அடுக்கிவைக்காதீர்கள். சாப்பிடும்போது கசக்கிற கடலையை விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

6. மழைக்கு முளைத்த காளான் நல்லதா விஷமா என்று வெள்ளிக் கரண்டியை வைத்துப் பார்த்தால் தெரியுமாமே?

தெரியாது. மஞ்சள் போட்டால் நிறம் மாறும், பூச்சி அரித்திருந்தால் நல்லது, சோற்றுப் பருக்கை சிவந்தால் விஷம் – இவை எதற்கும் அடிப்படை கிடையாது. உலகில் காளான் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான அமானிட்டா வகைகளின் நஞ்சு கரண்டியைக் கறுக்கச் செய்யாது, கொதிக்கவைத்தாலும் அழியாது. சாப்பிட்டு ஆறு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தி பேதி. அடுத்த நாள் தேறியது போல் தோன்றும். அந்த நேரத்தில்தான் ஈரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். ஆகவே ‘சரியாகிவிட்டது’ என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. மிச்சமிருக்கும் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பூஞ்சையியல் படிப்பவர்கள் இனம் காண முதலில் செய்யும் சோதனை ஒன்றை நீங்களும் செய்து பார்க்கலாம். காளானின் காம்பை வெட்டிவிட்டு, குடையை அடிப்பக்கம் கீழே இருக்கும்படி காகிதத்தில் கவிழ்த்து வையுங்கள். காகிதம் பாதி வெள்ளை, பாதி கருப்பாக இருந்தால் நல்லது. மேலே ஒரு டம்ளரை மூடிவிட்டு இரவு முழுதும் விட்டுவிடுங்கள். காலையில் ஸ்போர்கள் உதிர்ந்து செதில்களின் அச்சு கோலம் போட்டது போல் விழுந்திருக்கும். பூங்காப் புல்வெளியில் பெரிய வெள்ளைக் குடையாக நிற்கும் குளோரோஃபில்லம் என்ற நச்சுக்காளானின் அச்சு சாம்பல் கலந்த பச்சையாக விழும். பார்த்தவுடன் தூக்கி எறியுங்கள். ஆனால் அச்சு வெள்ளையாக விழுந்தால் ‘நல்ல காளான்’ என்று பொருள் கொள்ளாதீர்கள்; அமானிட்டாவின் அச்சும் வெள்ளைதான். இது அடையாளத்துக்கான சோதனை. உண்ணலாமா என்பதை இது சொல்லாது.

7. புற்றுக்காளான் அவ்வளவு ருசி. அதன் வித்து உங்களிடம் கிடைக்குமா?

ஒவ்வோர் ஐப்பசியிலும் கேட்கிறார்கள். என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை. புற்றுக்காளானை வளர்ப்பவை கரையான்கள். மென்று தின்ற மரத்தூளையும் சருகையும் புற்றுக்குள் தேன்கூடு போல அடுக்கி, அதில் டெர்மிடோமைசிஸ் என்ற பூஞ்சையைப் பயிர் செய்து உண்கின்றன. புற்றுக்குள் இருக்கும் வெப்பம், கரியமில வாயு, களையெடுக்கும் பல்லாயிரம் வேலைக்காரர்கள் – இத்தனையும் சேர்ந்தால்தான் அது குடை விரிக்கிறது. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் இழை வளர்கிறது, அதற்கு மேல் வருவதில்லை. யாராவது புற்றுக்காளான் வித்து என்று விற்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். புற்றிலிருந்து எடுப்பவர்களும் புற்றை இடிக்காமல் எடுத்தால் அடுத்த ஆண்டும் அங்கேயே கிடைக்கும்.

8. சிப்பிக்காளான் படுக்கை போட்டேன், பத்தே நாளில் பச்சை பிடித்துவிட்டது. வித்து மோசமா?

வித்து மோசமாக இருக்கலாம். என் வித்தாகவும் இருக்கலாம். வித்துப் பைக்குள்ளேயே பச்சை தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள், மாற்றித் தருகிறேன். ஆனால் கேட்டுப் பார்த்தால் பத்துக்கு எட்டு பேர் வீட்டில் குற்றவாளி வைக்கோல். வைக்கோலை நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வெந்நீரில் வேகவிட்டு, பிறகு நிழலில் ஆறப்போட வேண்டும். எவ்வளவு ஆற வேண்டும் என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். ஒரு பிடி அள்ளி முறுக்கிப் பிழியுங்கள். உள்ளங்கை ஈரமாக வேண்டும், ஆனால் ஒரு சொட்டுகூடக் கீழே விழக் கூடாது. சொட்டினால் அது காளானுக்கான படுக்கையாக இருக்காது, பச்சைப் பூசணத்துக்கான படுக்கை. மழையில் நனைந்து கறுத்த பழைய வைக்கோலை எவ்வளவு வேகவைத்தாலும் பயனில்லை.

பச்சை வந்த படுக்கையைக் கூடத்துக்கு வெளியே, அங்கிருந்து காற்று கூடத்தை நோக்கி அடிக்காத பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள். கூடத்துக்குள்ளேயே பையைக் கிழித்துப் பார்த்தீர்களானால் கோடிக்கணக்கான ஸ்போர்களை மற்ற படுக்கைகளுக்கு நீங்களே தூவியதாகும்.

எந்தக் காளான் என்பதற்கும் ஒரு வார்த்தை. மொட்டுக்காளான் 16 முதல் 18 டிகிரி குளிரில் காய்க்கும். ஊட்டி, கொடைக்கானலுக்கு அது சரி. சிப்பிக்கு 20 முதல் 30 டிகிரி. நம் ஊர்க் கோடையில் 35 டிகிரியைத் தாங்குவது பால்காளான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அருப்புக்கோட்டையிலிருந்து வெளியிட்ட ரகம் வந்த பிறகுதான் சமவெளியில் பால்காளான் தொழிலாக மாறியது. சித்திரையில் சிப்பி போட்டு நட்டப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

9. அந்தப் பச்சைப் பூசணத்தின் பெயர் டிரைக்கோடெர்மா என்கிறீர்கள். அதையே நீங்கள் பொட்டலம் போட்டு விற்கிறீர்களே?

ஆமாம், விற்கிறேன். வித்துக்கூடத்துக் கதவில் ‘டிரைக்கோடெர்மா தொட்ட கையோடு உள்ளே வராதீர்கள்’ என்று எழுதியும் வைத்திருக்கிறேன். என் பையன்கூடச் சிரிக்கிறான்.

டிரைக்கோடெர்மா மற்ற பூஞ்சைகளைத் தின்று வாழும் பூஞ்சை. எதிரியின் இழையைக் கொடி போலச் சுற்றிக்கொண்டு, அதன் செல்சுவரை நொதிகளால் கரைத்துவிடும். வயலில் அதற்கு அகப்படுவது வேரழுகலையும் வாடலையும் உண்டாக்கும் பூஞ்சைகள், நமக்கு லாபம். காளான் கூடத்தில் அகப்படுவது நம் காளான். அதற்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம் போதும். நிலத்தில் இட ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய எருவோடு கலந்து, ஈரம் தெளித்து நிழலில் சில நாள் வைத்துவிட்டு இடலாம். ரசாயனப் பூஞ்சைக்கொல்லி கலந்த விதைக்கு இதையும் சேர்த்துப் போடுகிறார்கள் சிலர். கொல்லி மருந்து இதையும்தான் கொல்லும்.

10. மயில்துத்தம், சுண்ணாம்பு இரண்டையும் கலந்தால் மருந்தாகுமா? எப்படிக் கலப்பது?

அதுதான் போர்டோ கலவை. பிரான்சில் போர்டோ நகரைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். சாலையோரக் கொடிகளில் பழம் திருடுபவர்களை விரட்ட, பார்த்தாலே விஷம் போலத் தெரியட்டும் என்று மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்திருந்தார்கள். அந்த வழியே நடந்துபோன மில்லார்டே என்ற பேராசிரியர், தெளித்த கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததைக் கவனித்தார். 1885இல் அதை மருந்தாகவே அறிவித்தார். திருடனுக்கு வைத்தது நோய்க்கு உதவியது.

ஒரு சதவீதக் கலவைக்கு: ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரில், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை வேறு 50 லிட்டர் நீரில், தனித்தனியாக மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரையுங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். துருவில்லாத இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறப் படிவம் ஒட்டியிருந்தால் துத்தம் மிகுதி, இலை கருகும். இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கத்தி வெளுப்பாகவே இருந்தால் தெளிக்கலாம். அன்று கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

11. தென்னையின் அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிகிறது. பக்கத்தில் பலகை போல ஒரு காளான். அதைத்தான் மாத்திரையாக விற்கிறார்கள் என்கிறார் மச்சான். உண்மையா?

மச்சான் பாதி சரி. மாத்திரையாக விற்கப்படும் சீனத்து லிங்ஸியும் உங்கள் மரத்தைத் தின்பதும் கேனோடெர்மா என்ற ஒரே பேரினம். ஆனால் மரத்தடியில் பிடுங்கியதைக் காய்ச்சிக் குடிக்காதீர்கள். விற்கப்படும் மாத்திரையைப் பற்றியும் என் கருத்து: ஈரல், புற்று, சர்க்கரை எல்லாம் தீரும் என்று துண்டறிக்கையில் அச்சடித்திருக்கும் பொருளை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

நோய்க்கு இந்த வட்டாரப் பெயரே உண்டு: தஞ்சாவூர் வாடல். 1950களில் இந்த மாவட்டத்தில் முதலில் கவனிக்கப்பட்டது. பலகைக் காளான் வெளியே வரும்போது உள்ளே தண்டு பெரும்பாலும் போயிருக்கும். 1ஆம் கேள்வியில் சொன்ன மாம்பழக் கணக்குதான். அந்த மரத்தைக் காப்பாற்றும் பேச்சு பெரும்பாலும் வீண். பக்கத்து மரங்களைக் காப்பாற்றுங்கள். பூஞ்சை வேர் வழியாக, மண் வழியாகப் போகிறது. நோயுற்ற மரத்தை அடிக்கட்டையோடும் வேரோடும் எடுத்துவிட்டு, சுற்றி இரண்டடி ஆழத்துக்கு அகழி வெட்டுங்கள். மரத்துக்கு மரம் தண்ணீர் பாயும் வாய்க்காலை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் தனிப் பாசனம் கொடுங்கள். மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா சேர்த்து இடலாம். ஊடுபயிராக வாழை வைத்தால் நோய் மட்டுப்படுகிறது. 2018இல் கஜா புயல் சாய்த்த மரங்களின் கட்டைகளை அப்படியே விட்டு, அருகிலேயே புதுக் கன்று நட்டவர்கள் நிறைய. அந்தக் கட்டைகள்தாம் கேனோடெர்மாவுக்குச் சத்திரம்.

12. காண்டாமிருக வண்டுக்குப் பூஞ்சை வைக்கலாம் என்கிறார்கள். பூஞ்சை எப்படி வண்டைக் கொல்லும்?

மெட்டாரைசியம் என்ற பூஞ்சையின் ஸ்போர் வண்டின் புழுவின் தோலில் ஒட்டிக்கொண்டு முளைத்து, துளைத்து உள்ளே நுழைகிறது. சில நாளில் புழு விறைத்துச் சாக்கட்டி போலாகி, பிறகு பாசிப் பச்சையாக மாறும். மரத்தின் கொண்டையில் போட்டு வீணாக்காதீர்கள். வண்டு முட்டையிடுவது எருக்குழியில். அங்கே கலந்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1835இல் இத்தாலியின் அகோஸ்டினோ பாஸி, பட்டுப்புழுக்களை வெள்ளையாக உறையவைத்துக் கொல்வது ஒரு பூஞ்சை என்று நிரூபித்தார். நுண்ணுயிர் விலங்குக்கு நோய் தரும் என்பதற்கு முதல் நிரூபணங்களில் ஒன்று அது, பாஸ்டருக்கும் முந்தியது. பட்டுக்காரரின் எதிரியான அதே பூஞ்சையை இன்று பாஸியின் நினைவாகப் பூவேரியா பாஸியானா என்று பெயரிட்டுப் பூச்சிக்கொல்லியாக விற்கிறோம்.

13. பெனிசிலின் பூசணத்திலிருந்துதானே வந்தது? அப்படியானால் புண்ணில் பூசண ரொட்டியைக் கட்டலாமா?

கட்டாதீர்கள். எல்லாப் பூசணமும் பெனிசிலின் தராது. தருவதும் மிகச் சொற்பம். 1928இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் தட்டில் விழுந்த பூசணம் சுற்றியிருந்த பாக்டீரியாவைக் கரைத்தது. ஆனால் மருந்தாகப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் அதைச் சாதித்தார்கள். பூசணத்தை வளர்க்கப் பாத்திரம் போதாமல் நோயாளிகளின் மலத்தட்டுகளைக்கூடப் பயன்படுத்தினார்கள். 1941இல் முதலில் மருந்து பெற்ற போலீஸ்காரரின் சிறுநீரிலிருந்து மருந்தைத் திரும்ப எடுத்து மறுபடி செலுத்தினார்கள். தேறி வந்தவர், மருந்து தீர்ந்ததால் இறந்துபோனார். பிறகு அமெரிக்காவின் பியோரியா ஊரில் அழுகிய முலாம்பழம் ஒன்றில் கிடைத்த பூசணம் பன்மடங்கு சுரந்தது. அதன் பிறகுதான் பெனிசிலின் மருந்துக் கடைக்கு வந்தது.

பெனிசிலினோடு கதை முடியவில்லை. கொழுப்புக்கு நீங்கள் விழுங்கும் ஸ்டாட்டின் வகைக்கு வழி திறந்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, 1973இல் அரிசியில் கிடைத்த நீலப்பச்சைப் பூசணம் ஒன்றில் முதல் ஸ்டாட்டினைக் கண்டார். சிறுநீரக மாற்றுச் சிகிச்சையின் வெற்றியைப் பெருக்கிய சைக்ளோஸ்போரின் நார்வே மண்ணில் இருந்த பூஞ்சையின் கொடை. பாட்டில் குளிர்பானத்தில் இருக்கும் சிட்ரிக் அமிலமும் எலுமிச்சையிலிருந்து வருவதில்லை. வெங்காயத்தோலில் கருந்தூளாகப் படிகிற ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் வகையைப் பெரிய தொட்டிகளில் சர்க்கரைப்பாகு கொடுத்து வளர்த்து எடுக்கிறார்கள்.

14. படர்தாமரைக்குக் கடையில் கொடுத்த களிம்பு போட்டால் இரண்டே நாளில் போகிறது, விட்டால் திரும்ப வருகிறது. ஏன்?

களிம்புக் குழாயின் பின்பக்கத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பும் சிவப்பும் உடனே அடங்கும், ஏனென்றால் அது அடக்குவது உங்கள் உடலின் எதிர்ப்பை. பூஞ்சைக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை. இந்தப் பழக்கத்தோடு, மருந்துக்கு எளிதில் மசியாத டிரைக்கோஃபைட்டான் வகை ஒன்றும் நம் நாட்டில் பரவியிருக்கிறது. தோல் மருத்துவரைப் பாருங்கள். வட்டம் மறைந்த பிறகும் அவர் சொன்ன நாள் வரை மருந்தை நிறுத்தாதீர்கள். துண்டும் உள்ளாடையும் தனியாக, வெந்நீரில் அலசி, வெயிலில். வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவருக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை. நான் மருத்துவன் இல்லை. இதற்கு மேல் என்னிடம் கேட்க வேண்டாம்.

15. பாக்டீரியாவுக்கு எத்தனையோ ஊசி இருக்கிறது. கருப்புப் பூஞ்சைக்கு மட்டும் ஏன் அவ்வளவு திண்டாடினார்கள்?

2ஆம் பதிலைப் பாருங்கள்: பூஞ்சை நமக்குப் பங்காளி. பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்குகிறது. நம் செல்லில் அப்படி ஒரு சுவரே இல்லாததால் நமக்குப் பெரிய சேதமில்லை. பூஞ்சைச் செல்லின் உள்ளமைப்போ நம்முடையதைப் போலவே இருக்கிறது. அதைக் கொல்லும் மருந்து நம்மையும் கொஞ்சம் பதம் பார்க்கும். 2021இல் ஊரெல்லாம் தேடிய ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால்தான் அத்தனை கண்காணிப்போடு கொடுத்தார்கள். பூஞ்சை தந்த பெனிசிலின் பாக்டீரியாவைக் கொல்கிறது; ஆம்ஃபோடெரிசின் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து எடுத்தது.

பெயரும் தவறு. மியூக்கோர் குடும்பத்துப் பூஞ்சைகள் கருப்பு இல்லை. ரத்தக்குழாயை அடைத்து, சதை செத்துக் கறுப்பதால் வந்த பெயர். இவற்றின் ஸ்போர்கள் எப்போதும் காற்றில் இருக்கின்றன, தினமும் நாம் சுவாசிக்கிறோம். கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பில்தான் அவை வேர்விட்டன.

16. பக்கத்து வயலில் மருந்தடிக்காவிட்டால் நமக்கும் வரும் என்கிறார்கள். பூஞ்சை நோய் காற்றில் எவ்வளவு தூரம் போகும்?

நோயைப் பொறுத்தது. வேரழுகல் வரப்பைத் தாண்ட ஆண்டுகள் ஆகும். துரு நோய் மாநிலங்களைத் தாண்டும். ஆக்ராவில் பணியாற்றிய கே. சி. மேத்தா, வடஇந்தியச் சமவெளியின் கோடையில் கோதுமைத் துரு பிழைக்காது, மலைகளில் ஒதுங்கிப் பிழைத்துத் திரும்புகிறது என்று நிறுவினார். தண்டுத் துருவுக்கு அந்த ஒதுங்கிடம் நம் நீலகிரியும் பழனி மலையும். ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள் அங்கிருந்து ஸ்போர்களை அள்ளி மத்திய இந்தியாவில் மழையோடு இறக்குகின்றன.

துருவின் ஆட்டத்தை இலங்கையைவிட அதிகம் அனுபவித்த நாடு குறைவு. 1869இல் அங்கே காப்பி இலையில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிந்தது. ஆராய 1880இல் வந்த மார்ஷல் வார்டு என்ற இளைஞர், மலை முழுதும் ஒரே பயிரை நெருக்கி வைத்ததே நோய்க்கு வழி விட்டது என்று சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. காப்பித் தோட்டத்துக்கென்று தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக நடந்துபோன குடும்பங்களின் பிள்ளைகள் தேயிலைக் கொழுந்து பறிக்க நேர்ந்ததற்குப் பின்னால் அந்த ஆரஞ்சுப் பொடிக்கும் பங்கு உண்டு.

17. நெல் குலை நோய்க்கு ஒரு புத்தகத்தில் பைரிகுலேரியா, இன்னொன்றில் மேக்னபோர்த்தே. எது சரி?

இரண்டும் ஒரே பூஞ்சை. பாலினப் பெருக்கம் செய்யும் வடிவமும் செய்யாத வடிவமும் பார்வைக்கு வேறுவேறாக இருந்ததால் ஒரே உயிருக்கு இரண்டு பெயர் வைக்க விதிகளே இடம் கொடுத்தன. 2011இல் மெல்போர்னில் கூடிய உலகத் தாவரவியல் மாநாட்டில் அது ஒழிந்தது: ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர். பழைய புத்தகங்கள் மாறவா போகின்றன? இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

18. உருளைக்கிழங்கில் பின்பருவக் கருகல். பூஞ்சைக்கொல்லி அடித்தும் நிற்கவில்லை. மருந்து போலியா?

கொடைக்கானலிலிருந்து வந்த ஒருவர் கேட்டது. போலியாக இருக்கத் தேவையில்லை. 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான ஃபைட்டோஃப்தோரா, பார்க்கப் பூஞ்சை மாதிரியே இழைவிடும். ஆனால் பூஞ்சை இல்லை. பழுப்புப் பாசிகளின் சொந்தம். செல்சுவரில் கைட்டினுக்குப் பதில் பெரும்பாலும் செல்லுலோஸ். ஆகவே கார்பென்டாசிம் போன்ற மருந்துகளுக்கு அது அசையாது. மெட்டலாக்சில் வகை வேறு, அது இந்தக் கூட்டத்துக்கென்றே வந்தது. அதையும் திரும்பத் திரும்ப அடித்தால் பழகிவிடும் என்பதால் மேன்கோசெப்போடு சேர்த்து விற்கிறார்கள். 10இல் சொன்ன போர்டோ கலவை இரு கூட்டத்துக்கும் கேட்கும். திராட்சையின் அடிச்சாம்பலும் இந்தப் பொய்ப் பூஞ்சைகளில் ஒன்றுதான்.

19. மகள் இதைப் படிக்க வேண்டும் என்கிறாள். பூஞ்சையைப் படித்து என்ன செய்வது?

தாவரவியல் அல்லது வேளாண்மையில் இளநிலை, பிறகு தாவர நோயியலிலோ நுண்ணுயிரியலிலோ முதுநிலை. மருத்துவப் பக்கம் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து நுண்ணுயிரியல். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இதில் பெரிய மரபு உண்டு. அங்கே பணியாற்றிய சி. வி. சுப்பிரமணியன் 1971இல் வெளியிட்ட ‘ஹைஃபோமைசீட்ஸ்’ நூலை வெளிநாட்டு ஆய்வாளர்களும் புரட்டுகிறார்கள். இமாசலத்தின் சோலன் நகரில் காளானுக்கென்றே தேசிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேலையும் உண்டு: விதை நிறுவனம், மருந்துத் தொழிற்சாலை, உணவுச் சோதனைக்கூடம். இதுவரை பெயர் வைத்து விவரிக்கப்பட்ட பூஞ்சை இனங்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். இருப்பதாக மதிப்பிடுவது 22 முதல் 38 லட்சம். அவள் தேடிப் போகாவிட்டாலும் காலில் இடறும்.

இப்போதைக்கு ஒரு கைலென்ஸ் வாங்கிக் கொடுங்கள். 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த நீரில் 20 கிராம் குளுக்கோஸும் 15 கிராம் அகர் அகரும் சேர்த்து ஒரு லிட்டராக்கி, குக்கரில் அவித்து, மூடியுள்ள கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றினால் பூஞ்சை வளர்க்கும் ஊடகம் தயார். எந்த ஆய்வுக்கூடத்திலும் இதே சமையல்தான். ஒரு கிண்ணத்தைச் சமையலறையில் பத்து நிமிடம் திறந்து வைக்கட்டும், இன்னொன்றை மாட்டுக்கொட்டகையில். மூடி, ஓரத்தை டேப்பால் ஒட்டி, ஒரு வாரம் வரைந்துகொண்டே வரட்டும். மூடியைத் திறக்கக் கூடாது. முடிந்ததும் அப்படியே குக்கரில் அவித்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை வரச் சொல்லுங்கள். வரும்போது கையைக் கழுவிக்கொண்டு வரட்டும், கதவில் எழுதியிருப்பது அவளுக்கும்தான்.